மதீனா முதல் நிலம்பூர் வரை: காலத்திற்கு ஈடுகொடுத்த தேக்கு

மஸ்ஜிதுந் நபவியின் முதல் தூண்கள் பேரீச்ச மரங்களே. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய அப்பள்ளிவாசலின் சுவர்கள் சுடாத செங்கல்லால் ஆனவை. கூரை பேரீச்ச மட்டையால் வேயப்பட்டது. அக்கூரையைத் தாங்கி நின்றவை பேரீச்ச மரத்தின் அடித்தண்டுகள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. அபூபக்கர் (ரலி) அவர்கள் அதனோடு எதனையும் கூட்டவில்லை என்றும், உமர் (ரலி) அவர்கள் பழைய அமைப்பிலேயே விரிவுபடுத்தினார்கள் என்றும் அவ்வறிவிப்பு தொடர்கிறது. பிறகு உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 29ஆம் ஆண்டில் (கி.பி. 649-650), சுவரும் தூணும் செதுக்கிய கல்லுக்கு மாறின. கூரைக்கு மட்டும் மரமே நீடித்தது. ஆனால் அது பேரீச்ச மரமன்று. 'சாஜ்' என்னும் மரம். சாஜ் என்பது நாம் நாள்தோறும் கண்டும் தொட்டும் பழகிய தேக்குதான்.

இதே இப்னு உமர் (ரலி) அவர்களிடமிருந்து அபூதாவூதில் வரும் மற்றோர் அறிவிப்பு, விவரங்களில் சற்று வேறுபட்டாலும், ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பேரீச்சத் தூண்கள் முதல் கலீஃபாவின் காலத்தில் உளுத்துப் போயின. பேரீச்ச மரத்தாலேயே அவை மீண்டும் அமைக்கப்பட்டன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் மறுபடியும் உளுத்துப் போயின என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்குள் இருமுறை! மழை அரிதான மதீனாவிலேயே நிலைமை இதுவென்றால், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் ஆண்டு முழுதும் உப்புக் காற்றும் கறையானும் சூழ்ந்த நம் கரையோர ஊர்களில் மரத்தைத் தேர்ந்தெடுப்பது எத்துணைக் கவனத்திற்குரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. முகப்புத் தாழ்வாரத்திற்கு மரம் வைப்பதா, இரும்பு வைப்பதா என்னும் பேச்சு நம் ஜமாஅத்திலும் எழுந்துள்ள இவ்வேளையில், முன்னோர் இதனை எவ்வாறு அணுகினர் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பேரீச்சம் ஏன் உளுத்தது? இதற்குரிய விடையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறத்தில் வயிரம் உடையவற்றைப் 'புல்' என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை 'மரம்' என்றும் பிரித்து வைக்கிறது. அந்த வகைப்பாட்டின்படி தென்னை, பனை, கமுகு, பேரீச்சம் ஆகியன எத்துணை உயரம் வளர்ந்தாலும் புல்லினமே. இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று புல்லோடு சேர்த்தே வைக்கிறது. இவற்றின் நடுப்பகுதி சோறு போன்ற மென்மையான திசு. அதற்குள் ஈரம் புகுந்தால் எளிதில் வெளியேறாது. முதிர்ந்த பனையின் கருத்த வெளிப்பகுதி மட்டும் விதிவிலக்கு. அதனை மட்டும் பிளந்தெடுத்த பனங்கைகள் நம் பழைய ஓட்டு வீடுகளில் தலைமுறை தாண்டி நிற்பதை நாம் அறிவோம். நடுச்சோற்றை நீக்கிவிட்டு வெளிவயிரத்தை மட்டும் எடுத்தாண்ட நம் தச்சர்கள் தொல்காப்பியம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அதே அறிவு அவர்கள் கையில் இருந்தது.

வயிரமும் வெள்ளையும்

உண்மையான மரங்களிலும் தண்டு முழுவதும் உறுதியானதன்று. பட்டையை அடுத்துள்ள வெளிர் நிறப் பகுதி, மரம் உயிரோடிருக்கும்போது நீரைக் கொண்டு சென்று உணவைச் சேமித்து வைக்கும் பகுதி. தச்சர்கள் இதனை வெள்ளை என்பர், பழந்தமிழில் வெளிறு. இதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்திருப்பதால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் கறையானுக்கும் இதுவே முதல் விருந்து. எந்த மரமாயினும் அதன் வெள்ளைப்பகுதி வெளிப்புறப் பயன்பாட்டிற்கு உதவாது என்பது பொது விதி. தேக்கும் இதற்கு விலக்கன்று. மரம் முதிர முதிர உள்வளையங்கள் தம் பணியை முடித்துக் கொள்கின்றன. அப்போது மரம் சில வேதிப் பொருள்களை அங்கே தேக்கி வைத்து அடைத்து விடுகிறது. நிறம் மாறுகிறது; மணம் வருகிறது; வயிரம் பாய்கிறது.

மரத்திற்கு மரம் இந்த வேதிப் பொருள்கள் வேறுபடுவதால்தான் அவற்றின் ஆயுளும் வேறுபடுகிறது. கனமும் கடினமும் மட்டுமே ஆயுளைத் தீர்மானிப்பன அல்ல. தேக்கைவிடக் கனமான மரங்கள் சில மண்ணில் ஓரிரு ஆண்டுகளில் இற்றுப் போவதுண்டு. தேக்கோ நடுத்தர எடையுள்ள மரமே. அதன் வயிரத்தில் டெக்டோகுயினோன் என்னும் பொருள் உள்ளது. கறையானை அண்டவிடாமல் விரட்டுவதில் இதற்குப் பெரும் பங்குண்டு என ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். பூஞ்சையை அடக்கும் லபச்சோல் உள்ளிட்ட பொருள்களும், நீரை எளிதில் உட்கொள்ள விடாத ரப்பர் போன்ற பசையும் அதில் உள்ளன. புதிதாக இழைத்த தேக்கில் கையை வைத்தால் மெழுகு பூசியது போன்ற வழவழப்பு தெரிவது இதனால்தான். இன்னொரு நன்மை, வெயிலிலும் மழையிலும் அது மிகக் குறைவாகவே சுருங்கி விரிகிறது. வெடிப்பு விழாத மரத்தில் நீர் தங்குவதற்கும் இடமில்லை.

மரம் அழுகுவதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம், உண்ணத்தகுந்த பொருள் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பூஞ்சை வளராது. நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாக ஈரமுள்ள மரம் அழுகுவதில்லை. அதேபோல, எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் மரத்தையும் பூஞ்சை தின்ன முடியாது, அங்கே காற்றில்லை. கேரளத்தில் கிணற்றின் அடியில் நெல்லி மரப் பலகையை இறக்கும் பழக்கமும் உண்டு. ஆகவே மிகுந்த ஆபத்துள்ள இடம் மண்ணுக்கு மேலும் அன்று, ஆழத்திலும் அன்று. மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடமே. வேலிக் கம்பம் எங்கே முறிகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

கடல் கடந்த மரம்

தேக்கு இயற்கையாக விளையும் நாடுகள் நான்கே: இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். அரபு மண்ணில் அது முளைத்ததே இல்லை. அவ்வாறாயின் மதீனாவின் கூரைக்கு வந்த சாஜ் கடல் வழியே வந்திருக்க வேண்டும். அந்த வணிகம் இஸ்லாத்திற்கும் முற்பட்டது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்றொரு துறைமுகம் ரோமர் காலத்தில் இருந்தது. அங்கு நடந்த அகழாய்வுகளில், பாலைவனத்தின் நடுவே, தேக்கு மரத்துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பழுதடைந்த கப்பல்களைப் பிரித்து, அப்பலகைகளையும் உத்திரங்களையும் வீடு கட்டப் பயன்படுத்தியிருந்தனர். அதே இடத்தில் இந்திய மிளகு நிறைந்த பெரிய சாடி ஒன்றும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் கிடைத்தன. கடலில் பல்லாண்டுகள் உழைத்த மரம் கரையேறிய பின்பும் வீட்டைத் தாங்கியது. பின்னர் மணலுக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்தும் இன்ன மரமென்று அடையாளம் காணும் நிலையில் இருந்தது.

பாரசீக வளைகுடாவில் சீராஃப் என்னும் துறைமுகம் ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் செல்வத்தில் திளைத்தது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அதனை வருணித்த நிலவியலாளர் அல்-இஸ்தக்ரி, அங்குள்ள பல மாடி வீடுகள் சாஜ் மரத்தாலும், ஸன்ஜ் எனப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்தாலும் கட்டப்பட்டவை என்று எழுதியுள்ளார். ஒரு மரமும் வளராத வெப்பக் கரையில், இரண்டு கடல்களுக்கு அப்பாலிருந்து மரம் வரவழைத்து வீடு கட்டினர் என்றால், அருகில் கிடைப்பதைவிட நிலைப்பதே மலிவு என்று அவ்வணிகர்கள் கணக்கிட்டனர் என்றே நாம் கருதுகிறோம். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் ஒன்பதாம் நூற்றாண்டின் தேக்கு மிம்பர் இன்றும் நிற்கிறது. ஆயினும் அது கூரைக்குள் இருப்பது. நம் பொருளுக்குச் சற்று வெளியே.

கி.பி. 1183இல் ஹஜ்ஜுக்குச் சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், ஐதாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடந்த மரக்கலங்களை விரிவாக விவரித்துள்ளார். அவற்றில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். மரமும் கயிற்றுக்கான நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. தைத்தபின் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர். அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்று அவர் குறிப்பிடுகிறார். எத்துணை உறுதியான மரமாயினும் பூச்சும் பராமரிப்பும் வேண்டும் என்பதை அந்தக் கப்பல்காரர்கள் மறக்கவில்லை. கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழுவுக்குத் தேக்கும் முழுவதுமாகத் தப்பியதன்று. சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்து அடிப்பகுதியில் பூசும் வழக்கம் நம் கரைகளிலும் இருந்தது. மரக்கலம் என்னும் சொல்லிலிருந்தே 'மரக்காயர்' என்னும் பெயர் வந்தது என்பர் பலர். அரபியில் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்பதோடு இணைப்பாரும் உளர். எதுவாயினும் நம் முன்னோரின் பெயரிலேயே கப்பல் உள்ளது.

தேக்கு ஒன்றே தெரிவாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பலின் பலகைகள் ஆப்பிரிக்காவில் விளையும் அஃப்சீலியா என்னும் மரத்தால் ஆனவை என்று ஆய்வில் தெரியவந்தது. தேக்கு சில பகுதிகளிலேயே இருந்தது. அதே வடிவில் ஓமானில் கட்டப்பட்ட 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்னும் கப்பல் 2010இல் சிங்கப்பூர் வரை பாய் விரித்துச் சென்றது. அதற்கும் கானாவிலிருந்து அஃப்சீலியாவே தருவிக்கப்பட்டது. கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் உரு கட்டும் தச்சர்கள் தேக்கோடு ஐனி மரத்தையும் பெரிதும் நம்பினர். பலாவின் இனத்தைச் சேர்ந்த அம்மரத்தை நாம் ஆஞ்சிலி என்போம்.

மலபாரில் நடந்தது

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் கப்பற்படைக்கு ஓக் மரம் தட்டுப்பாடாயிற்று. அவர்கள் பார்வை மலபார்த் தேக்கின் மீது விழுந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் சூரத்திலிருந்து வந்து 1730களிலிருந்தே கப்பல் கட்டி வந்தனர். ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ இரும்பைக் காக்கும். இதனால் பம்பாய்க் கப்பல்கள் புகழ்பெற்றன. 1842இல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான 'கார்ன்வாலிஸ்' கப்பல் 1813இல் அங்கே கட்டப்பட்டதே. 1817இல் நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமலி', அதாவது திருகோணமலை என்னும் பெயருடைய போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் மிதக்கிறது.

அந்தப் புகழுக்கு மலபார் கொடுத்த விலை பெரிது. காடுகளிலுள்ள தேக்கு அனைத்தும் தனக்கே உரியது எனக் கிழக்கிந்தியக் கம்பெனி அறிவித்தது. 1806இல் கேப்டன் வாட்சன் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். தலைமுறையாகக் காட்டுக்கு உரிமையாளராக இருந்தவர்களும், ஆற்றில் மரம் மிதக்கவிட்டுக் கல்லாயியில் விற்ற மர வணிகர்களும் தங்கள் தொழிலுக்கே அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. அவ்வணிகர்களில் மாப்பிளாமார் கணிசமானவர்கள். எதிர்ப்பு மிகவே, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே நீக்கினார். உரிமை திரும்பியது, ஆனால் மரம் திரும்பவில்லை. கட்டுப்பாடின்றி வெட்டியதில் எளிதில் எட்டும் காடுகளெல்லாம் மொட்டையாயின.

1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்க முயன்றார். தேக்கின் கொட்டை மிகக் கடினமானது. பலவாறு ஊறவைத்தும் சுட்டும் முளைக்கவில்லை. சாத்து மேனன் என்னும் உள்ளூர் அதிகாரியின் பொறுமையால்தான் அது கைகூடியது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாகக் கருதப்படும் கனோலித் தோட்டம் சாலியாற்றின் கரையில் இன்றும் நிற்கிறது. 1995 முதல் அருகிலேயே தேக்குக்கென ஓர் அருங்காட்சியகமும் உள்ளது. ஊட்டி வழியாகக் கோழிக்கோடு செல்வோர் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். அந்தத் தோட்டத்தின் நிழலில் கனோலியின் பெயர் நிற்கிறது. சாத்து மேனனைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை.

மலபார் வற்றியதும் கவனம் பர்மாவுக்குத் திரும்பியது. அங்கே தேக்கை உடனே வெட்டுவதில்லை. அடியில் பட்டையையும் வெள்ளையையும் வளையமாகச் செதுக்கி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவர். பச்சைத் தேக்கு மிதக்காது. காய்ந்தால்தான் ஆற்றில் விடலாம். நம்மவர் பலர் ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை நடத்திய காலத்தில் அந்த மரம் கப்பலேறி நம் ஊர் வீடுகளின் நிலைக்கதவாகவும் தூணாகவும் வந்து சேர்ந்தது. மண்டலே அருகே அமரபுரத்தில் உ பெய்ன் பாலம் 1850ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேக்குக் கால்கள். கைவிடப்பட்ட பழைய அரண்மனையிலிருந்து பிரித்தெடுத்த மரமே அதற்குப் பயன்பட்டது. வெள்ளமும் வெயிலும் மாறி மாறி வரும் ஏரியில் அது நூற்றெழுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஆயினும் நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் இற்றுப்போன கால்கள் சிலவற்றுக்குக் கான்கிரீட் வைத்துள்ளனர். நாம் மேலே சொன்ன அந்த ஒரு சாண் இடம்!

பெயரும் பொருளும்

இன்று கடையில் 'பர்மா தேக்கு' என்று கேட்டால் இல்லையென்று சொல்வோர் அரிது. ஆனால் தாய்லாந்து 1989இலேயே இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. நம் துறைமுகங்களில் இறங்கும் தேக்கில் பெரும்பங்கு ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளின் தோட்டங்களில் வளர்ந்தது. அது போலியன்று, அதே இனம்தான். ஆனால் இளம் வயதில் வெட்டப்படுவதால் வெள்ளை மிகுதி. வயிரத்திலும் காப்புப் பொருள்கள் முழுமையாகச் சேர்ந்திருப்பதில்லை. ஐரோப்பியத் தர அளவுகோல் இயற்கைக் காட்டுத் தேக்கை முதல் வகுப்பில் வைக்கிறது. தோட்டத் தேக்கையோ முதல் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எங்கும் அமையக்கூடியது என்கிறது. இவையன்றி, தேக்கே அல்லாத மரங்களும் அப்பெயரைச் சூடி வருகின்றன. ஆப்பிரிக்கத் தேக்கு எனப்படும் இரோக்கோவும், பிரேசில் தேக்கு எனப்படும் குமாருவும் வேறு இனங்கள். அவை தம்மளவில் நல்ல மரங்களே. ஆயினும் விலை கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும், அதிலும் வக்ஃபின் பணமாயின்.

மரம் வாங்கச் செல்லும் நிர்வாகிகள் வளையங்கள் நெருக்கமா என்று எண்ணுவதைவிட, பலகையின் ஓரத்தில் வெள்ளை எத்துணை என்று பார்ப்பது நலம். வெள்ளையை முற்றும் நீக்கிய அளவுக்கே விலை பேச வேண்டும். தேக்கு கட்டுப்படியாகாத இடத்தில் வேங்கையும் ஆஞ்சிலியும் உள்ளன. முதிர்ந்த பனங்கையை ஏளனமாக எண்ணத் தேவையில்லை.

கட்டும் முறையும் மரத்திற்கு இணையாகவே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கோழிக்கோடு குற்றிச்சிறையில் உள்ள மிஸ்கால் பள்ளி, நகுதா மிஸ்கால் என்னும் அரபுக் கப்பலதிபரால் பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. 1510இல் போர்த்துக்கீசியர் தீயிட்டதில் சிதைந்து, பிறகு செப்பனிடப்பட்டது. மேல்தளங்கள் பெரும்பாலும் மரமே. அந்த மழைநாட்டில் அதனைக் காப்பது தேக்கு மட்டுமன்று. அடுக்கடுக்காக வெளியே நீண்டு இறங்கும் கூரையும், சுவர்ப்பலகைகளின் இடுக்கில் ஓடும் காற்றுமே. நனைந்த மரம் அன்றே உலர்ந்துவிடுகிறது. இதற்கு மாறாக, மரத்தூணின் அடியைச் சிமெண்டுத் தரைக்குள் புதைத்து, மேலே எண்ணெய்ப் பெயிண்டைக் கனமாகப் பூசுவது இக்காலத்தில் பலரும் செய்வது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, நல்ல மரத்தையும் இற்றுப்போகச் செய்கிறது. பழைய வீட்டுத் தூண்கள் யாவும் ஏன் கருங்கல் அடித்தளத்தின் மேல் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

பெரெனிகேயில் கப்பல் வீடாயிற்று. அமரபுரத்தில் அரண்மனை பாலமாயிற்று. நம் பகுதியில் பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது இறக்கப்படும் பழைய உத்திரங்களும் கதவு நிலைகளும் பெரும்பாலும் எடைக்கு விற்கப்படுவதையும் விறகு விலைக்கு ஏலம் போவதையும் நாம் காண்கிறோம். அவற்றுள் பல, இன்று எந்த விலைக்கும் கிடைக்காத காட்டுத் தேக்கு. மேலே படிந்த கருமையையும் பழைய பெயிண்டையும் அரையங்குலம் இழைத்தெடுத்தால் உள்ளே பொன்னிறமும் மணமும் மாறாதிருக்கும். ஆணித் துளைகளும் பழைய பொருத்துவாய்களும் இருக்கும் இடங்களை அறுத்து ஒதுக்கிவிட்டால், எஞ்சிய பகுதி தாழ்வாரச் சட்டங்களுக்கும் சன்னல்களுக்கும் தாராளமாகப் போதும். முகப்புத் தாழ்வார வேலை தொடங்குமுன், கிடங்கில் அடுக்கி வைத்துள்ள பழைய மரங்களை அனுபவமுள்ள ஆசாரி ஒருவரைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டியும் இழைத்தும் பார்த்து, தேறுவது எது, தேறாதது எது என்று அளவோடு பட்டியல் எடுக்க வேண்டும். அப்பட்டியல் பொதுக்குழுவின் முன் வைக்கப்படும்வரை அவற்றில் ஒரு கட்டையும் வெளியே செல்லலாகாது என்பது நம் வேண்டுகோள்.